பெட்டிக்குக் கேட்கவில்லை

பாயான் லெப்பாஸ், பினாங்கு
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் எண்ணை நீங்கள் தடை செய்துவிட்டீர்கள். புனிதா அண்ணியைக் கூப்பிட்டால், "அவரு பேச வேணாங்குறாரு ஜூடித், நான் என்னா செய்யட்டும்?" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் தபால். இத்தனை நீளமாகக் கையால் தமிழ் எழுதியது ஆறாம் வகுப்பில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை நான் பூசி மெழுகப் போவதில்லை. உங்கள் முதலாளி பழனியப்பனுக்குப் போன் செய்தது நான்தான். "எங்க அண்ணன் நெஞ்சுல கருவி இருக்கு, அவரு லாரி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சொன்னதும் நான்தான். அன்று காலை அண்ணி அழுதுகொண்டே கூப்பிட்டார். முந்தின நாள் லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது கருவி அடித்திருக்கிறது, வண்டி தமிழ்ப்பள்ளி வேலியோரக் கால்வாயில் இறங்கிவிட்டது, நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்கள். நாம் இருவரும் படித்த பள்ளி, அண்ணே. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்ததால் தப்பினோம்.

போன வருடம் மாரடைப்புக்குப் பிறகு டாக்டர் விளக்கியபோது நானும் உங்கள் கட்டிலருகில் நின்றேன். இதயம் தாறுமாறாகத் துடித்தால் கருவி மின்சாரத்தால் ஓர் அடி கொடுத்து அதை வழிக்குக் கொண்டுவரும், அந்த நேரத்தில் நினைவு தப்பலாம், கனரக வண்டி இனி வேண்டவே வேண்டாம் என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். பிறகு முதலாளியிடம், "டாக்டர் ஓக்கே சொல்லிட்டாரு பொஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றப் போய்விட்டீர்கள்.

உங்கள் வேலை போனதில் எனக்குச் சந்தோஷமா? இல்லை. ஆனால் அந்தப் போனை மறுபடி செய்ய வேண்டி வந்தாலும் செய்வேன். இதை எழுதாமல் விட்டால் கடிதம் இனிமையாக இருந்திருக்கும், தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்மேல் உள்ள கோபத்தை அந்தக் கருவிமேல் காட்டாதீர்கள். மருத்துவமனைக்குப் போகிற நாளைத் தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
ஜூடித்


சிலிபின், ஈப்போ
15 ஜூலை 2025

ஜூடித்,

உன் கடிதத்தைப் புனிதா மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு படித்தேன். வேறு வேலை என்ன இருக்கிறது எனக்கு?

பள்ளி வேலியைப் பற்றி நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். கண்ணை மூடினால் அந்த வேலிதான் வருகிறது. அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பழனியப்பன் என்னைக் கூப்பிட்டது எங்கே தெரியுமா? பட்டறையில், எல்லா டிரைவர்களும் பசியாறிக்கொண்டிருந்த இடத்தில். "திமோ, ஒன் தங்கச்சி போன் பண்ணிச்சு. என்னாலா இது, பொய் சொல்லிட்டு வண்டி எடுத்திருக்கே? சாவிய வெச்சுட்டுப் போ." வைத்துவிட்டு வந்தேன். நீ போன் செய்ததே எனக்கு அவர் வாயிலிருந்துதான் தெரியும். அந்த ஒரு காலைப்பொழுதில் உனக்கு என்னைக் கூப்பிட மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

இப்போது என் நாள் எப்படி என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். அரிசி போடுகிறேன். துணி காயவைக்கிறேன். காய் வாங்கப் பாசாருக்குப் போனால், "என்னாண்ணே, இன்னும் லீவா?" என்கிறார்கள். மெயின் ரோட்டில் லாரி போனால் சத்தத்தை வைத்தே எத்தனையாவது கியரில் ஏறுகிறான் என்று காது சொல்கிறது. காதைக் கழற்றி வைக்க முடியவில்லை.

உன் படிப்பைப் பற்றி நான் பெருமையடித்த காலம் ஒன்று உண்டு. "என் தங்கச்சி மனுசன் நெஞ்சுக்குள்ள வெக்கிற அண்டனா செய்யிது" என்று அதே பட்டறையில்தான் சொல்வேன். அது என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரிகிறது. உள்ளே இருந்துகொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

திமோத்தி


பாயான் லெப்பாஸ்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பதில் எழுதியதே போதும். திட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்து.

உங்களை முதலில் கூப்பிட்டிருக்க வேண்டுமா என்று யோசித்தேன். கூப்பிட்டிருந்தால் நீங்கள் என்னைப் பேசி மடக்கியிருப்பீர்கள். சின்ன வயதிலிருந்தே உங்களிடம் நான் பேசி ஜெயித்ததில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, காரணமாகச் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று ஒருநாளும் நான் உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் செய்கிற கருவி உங்களுடையது போல அடிக்காது. இதயம் ஓடுவதைக் கவனித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னக் கீறலில் செருகிவிடலாம். இதயம் நடுவில் நின்றாலோ தறிகெட்டு ஓடினாலோ அது உடனே வீட்டில் உள்ள பெட்டிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பெட்டி மருத்துவமனைக்கு அனுப்பும். அந்தச் செய்தியை உடம்புக்கு வெளியே கொண்டுவருகிற ஆண்டெனாதான் என் பொறுப்பு. அரிசி மணியளவு தகட்டில் செப்புக்கோட்டை மடித்து மடித்துப் போடுகிறோம். லாரிக் கூரையில் நிற்கும் ஆண்டெனாவைச் சுற்றிக் காற்று. இதைச் சுற்றி உப்பும் தண்ணீரும், அதாவது நம் சதை. அது ரேடியோ அலையைக் குடித்துவிடும். அதனால் உப்பு, சீனி, தண்ணீர் எல்லாம் கலந்து, அம்மா கிறிஸ்மஸுக்குச் செய்து தந்த அகார் அகார் இனிப்பு போலக் கட்டியாக்கி, அதுதான் மனித உடம்பு என்று வைத்துக்கொண்டு, அதற்குள் புதைத்துச் சோதிக்கிறோம். அந்த அகார் அகாருக்கு நாங்கள் வைத்த அளவு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவரின் உடம்பு. தோலுக்கடியில் கொஞ்சம் கொழுப்பு உள்ள உடம்பு.

இப்போது மருத்துவமனை மூலம் சில நோயாளிகளுக்கு அதைப் பொருத்திப் பரிசோதனை நடக்கிறது. அவர்களில் ஒருவர் பாகான் செராயில் இருக்கும் இருளாயி அம்மா. பெயரை எழுதக் கூடாது, எழுதிவிட்டேன். ஜூன் மாதம் சமையலறையில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். வழுக்கி விழுந்தேன் என்று சொன்னதால் கைக்கு மட்டும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் ஒரு செய்தியும் பதிவாகவில்லை. பெட்டி பழுதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள்.

பெட்டி பழுதில்லை, அண்ணே. அந்த அம்மா எலும்பும் தோலுமாக இருக்கிறார். கொழுப்பே இல்லை. கருவி சதையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதனால் ஆண்டெனாவின் சுருதி இறங்கிவிட்டது. பெட்டியை நெஞ்சுக்கருகில் பிடித்தால் கேட்கிறது. அலமாரியில் வைத்தால் கேட்பதில்லை. அவர் வழுக்கித்தான் விழுந்தாரா, இதயம் நின்று விழுந்தாரா என்று இப்போது யாருக்கும் தெரியாது. கருவியின் நினைவை மருத்துவமனையில் வைத்துத்தான் படிக்க முடியும். அவருக்கு அடுத்த முறை அக்டோபரில்.

எங்கள் மேலாளர் டாக்டர் கோவிடம் சொன்னேன். "ஒரே ஓர் ஆள். பெட்டியை மாற்றிக் கொடு. வருடக் கடைசியில் முடிவுகளோடு சேர்த்துப் பார்க்கலாம்" என்றார். மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களில் எனக்குச் சொந்தம் நீங்கள் ஒருவர்தான்.

ஜூடித்


சிலிபின்
9 ஆகஸ்ட் 2025

ஜூடித்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் உன் அகார் அகார் கதை நன்றாக இருந்தது. இரண்டாம் தரம் ரத்தம் கொதித்தது.

அந்த அம்மாவிடம் சொன்னாயா? பெட்டிக்குக் கேட்காது என்று சொன்னாயா? அவருடைய டாக்டரிடம் சொன்னாயா? நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை. பழுதில்லாத பெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு பழுதில்லாத பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

என் முதலாளியிடம் சொல்ல உனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. உன் முதலாளியைத் தாண்டிச் சொல்ல வருடக் கடைசி வரை வேண்டுமா? ஆபத்து என்றால் யார் வேலை போனாலும் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தாயே. அது அண்ணன் வேலைக்கு மட்டும்தானா?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அங்கே சொல்.

திமோத்தி


பாயான் லெப்பாஸ்
17 ஆகஸ்ட் 2025

அண்ணே,

உங்களை நம்பி எழுதியதை எடுத்து என்னையே அடிக்கிறீர்கள்.

மருத்துவமனையோடு பேச வேண்டுமானால் மேலாளர் வழியாகத்தான் பேச வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓர் உடம்பில் நான் அளந்ததை வைத்துக்கொண்டு மொத்தக் கருவியும் மோசம் என்று கத்த முடியாது. கத்தி, அது தப்பாகப் போனால், என் குழுவில் உள்ள அத்தனை பேரின் வேலையும் போகும். இன்னும் அளக்க வேண்டும், ஆதாரம் வேண்டும். நீங்கள் நினைப்பது போல் சாவியை மேசையில் வைத்துவிட்டு வருகிற காரியமில்லை இது.

நீங்கள் மட்டும் என்ன? வேலை போய்விடும் என்ற பயத்தில்தானே டாக்டர் சொன்னதை மறைத்தீர்கள்? உங்களுக்கு வந்தால் அது குடும்பக் கஷ்டம், எனக்கு வந்தால் கோழைத்தனமா?

ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது. போதுமா?

ஜூடித்


சிலிபின்
29 ஆகஸ்ட் 2025

ஜூடித்,

கோழை என்று நான் எழுதவில்லை. நீயே எழுதிக்கொண்டாய்.

நான் பாகான் செராய்க்குப் போய் வந்தேன். கோபப்படு, எனக்குக் கவலையில்லை. தைப்பிங்கில் பஸ் மாறி, முதல் தடவையாக அந்த வழியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனேன். இத்தனை வருடம் ஓட்டிய ரோட்டில் வயல் இவ்வளவு பச்சை என்று இப்போதுதான் பார்க்கிறேன். கோப்பிக்கடையில் கை ஒடிந்த இருளாயி அம்மா வீடு எது என்று கேட்டேன். கடைக்காரப் பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்.

நான் யாரென்று கேட்டார். "எனக்கும் நெஞ்சுல பொட்டி வெச்சிருக்காங்கம்மா. உங்களுக்கும்னு கேள்விப்பட்டேன், பாத்துட்டுப் போலாம்னு வாரேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டினேன். அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு கையாலேயே கோப்பி கலக்கிக் கொடுத்தார்.

உன் பெட்டியை அலமாரியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பச்சை விளக்கு எரிகிறது. "அது எரிஞ்சா நெஞ்சு நல்லா இருக்குன்னு அர்த்தம்யா" என்றார். நீ எனக்கு எழுதாவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அந்த விளக்கு பெட்டிக்குக் கரண்டு இருக்கிறது என்பதற்குத்தானே?

"வீட்டுல தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"முந்தி எம் மவ தினேஸ்வரி கூடயே இருந்துச்சு. நான் ரெண்டு தரம் மயங்கி விழுந்ததுலேருந்து வேலைய விட்டுட்டு ஒக்காந்திருந்துச்சு. பாவம், சின்ன வயசு. இந்தப் பொட்டி வந்தப்பறம் நான்தான் தொரத்தி உட்டேன். போ, பொட்டி பாத்துக்கும், ஒனக்கு எதுக்கு சூசா, செரமம்னு. இப்ப கையுறை கம்பெனிக்குப் போவுது."

"கை ஒடிஞ்ச அன்னிக்கு என்னாம்மா ஆச்சு? வழுக்கிருச்சா?"

ஒடிந்த கையைத் தடவிப் பார்த்தார். "வழுக்கிருக்கும்யா. நெனவு இல்ல. பொட்டியில ஒண்ணும் வரலேன்னு அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு. அப்ப வழுக்கித்தானே இருக்கணும்?"

அந்தப் பொண்ணு நீதான், ஜூடித். உன்னை நல்ல பொண்ணு என்றார். பேசும்போது கையைப் பிடித்துக்கொண்டாயாம்.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். ஆனால் நான் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் உன் காரியத்தை இன்னொருவர் போய்ச் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்டியை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துப் படுக்கைத் தலைமாட்டில் வைத்தேன். "ராத்திரி இத கட்டிப்புடிச்சிக்கிட்டுப் படுங்கம்மா, எனக்கும் டாக்டர் அப்படித்தான் சொன்னாரு" என்றேன். இது பொய்.

அந்த அம்மா பகலில் அடுப்படியில் நிற்கிறார். தலைமாட்டில் இல்லை. நீதான் சொல்ல வேண்டும்.

திமோத்தி


பாயான் லெப்பாஸ்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே டாக்டர் கோவின் அறைக்குப் போனேன். "நாளைக்கு டாக்டர் ஷாமினியைப் பார்க்கப் போகிறேன். அதற்கு முன்னால் உங்களிடம் சொல்ல வந்தேன்" என்றேன். ஷாமினிதான் மருத்துவமனைப் பக்கம் பரிசோதனையை நடத்துகிறவர். டாக்டர் கோ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீ சொல்வது சரியாகவே இருக்கலாம் ஜூடித். ஆனால் சொன்ன பிறகு நீ இங்கே உட்கார முடியாது, தெரியுமில்லையா?" என்றார். தெரியும் என்றேன்.

டாக்டர் ஷாமினி நான் அளந்ததையெல்லாம் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது எப்பலேருந்து உங்களுக்குத் தெரியும்?" ஜூலையிலிருந்து என்றேன். அவர் போனை எடுத்தார்.

அன்றே இருளாயி அம்மாவை அழைத்து வந்து கருவியைப் படித்தார்கள். அவர் வழுக்கி விழவில்லை, அண்ணே. அன்று இதயம் நின்று, பிறகு மறுபடி ஓடியிருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும்கூட. அந்தச் சின்னக் கருவி ஒன்றைக்கூட விடாமல் பதிந்து வைத்திருந்தது. அனுப்பியும் இருக்கிறது. பதில் வராததால் திரும்பத் திரும்ப அனுப்பி, அதிலேயே பேட்டரி பாதிக்குமேல் தீர்ந்துபோயிருக்கிறது. பெட்டிக்குக் கேட்கவில்லை.

அந்த வாரமே அவருக்கு இதயத்தை ஓட்டும் கருவி பொருத்திவிட்டார்கள். நன்றாக இருக்கிறார். தினேஸ்வரியைப் பார்த்தேன். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். மெலிந்த உடம்புக்காரர்கள் எல்லாரையும் முதலில் கூப்பிட்டார்கள். இருவருக்கு இதே கதை. மூன்றாவது ஆள் பாரிட் புந்தாரில் சன்னாசி என்று ஒருவர். கூப்பிட்டபோது அவர் மனைவி எடுத்து, அவர் ஆகஸ்டில் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார். கருவியோடு புதைத்துவிட்டார்கள். அதில் என்ன பதிவாகியிருக்கிறது, பெட்டிக்குக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று இனி யாரும் சொல்ல முடியாது. வேறு எதனாலும் இருக்கலாம் என்கிறார் டாக்டர் ஷாமினி. இருக்கலாம்.

நான் உங்களுக்குக் கோபமாக எழுதிய வாரம்தான் அவர் இறந்த வாரம்.

எனக்கு வேலை போய்விட்டது. என் மேசையைக் காலி செய்தபோது குழுவில் ஒருவரும் எழுந்து வரவில்லை. அதைவிட சன்னாசி உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிதான் கண்ணில் நிற்கிறது. நான் அந்த வீட்டைப் பார்த்ததுகூட இல்லை.

ஜூடித்


சிலிபின்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜூடித்,

சீக்கிரம் எழுத நினைத்தேன், முடியவில்லை. காரணம் இருக்கிறது, சொல்கிறேன். முதலில் பயப்படாதே, நன்றாக இருக்கிறேன்.

போன சனிக்கிழமை பாசாரில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகில் குதிரை உதைத்தது போல ஓர் அடி. என்னவென்று திரும்புவதற்குள் இன்னோர் அடி. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். மீன் விற்கிற சீனக் கிழவி என் தலைக்கடியில் அவளுடைய ஏப்ரனை மடித்து வைத்திருந்தாள். "அங்கள், ஜாங்கான் பங்குன், ஜாங்கான் பங்குன்" என்று தோளை அழுத்திக்கொண்டு எழ விடவில்லை. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் கையை விடவில்லை.

மருந்தை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். புனிதா உனக்குச் சொல்கிறேன் என்று துடித்தாள். நானே எழுதுகிறேன் என்றேன்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த இடத்தில் லாரியை வைத்துப் பார்த்தேன். இரண்டு அடிக்கு நடுவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜூடித். கண் இல்லை, கை இல்லை, கால் இல்லை. பதினாறு டன் குலையோடு ரோட்டில் அப்படிப் போயிருப்பேன். நீ பழனியப்பனிடம் சொன்னது சரி. என்னை விட்டுவிட்டு அவரிடம் சொன்னது சரியில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆனது. நீ உன் டாக்டர் கோவிடம் முதலில் போய் நின்றாய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சன்னாசியைப் பற்றி. உன்னால் இல்லை என்று நான் எழுதினால் நீ நம்பமாட்டாய். உன்னால்தான் என்று எழுத எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த வீட்டுக்குப் போ. ஆஸ்பத்திரிக்காரன் போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது.

திமோத்தி


பாயான் லெப்பாஸ்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளம்பி வரத்தான் காடிச் சாவியை எடுத்தேன். பிறகு நீங்கள் சொன்ன வீட்டுக்கு முதலில் போகாமல் உங்கள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று தோன்றியது.

நேற்று போனேன். டாக்டர் ஷாமினியிடம் சொல்லிவிட்டுத்தான். சன்னாசியின் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் யார், என்ன செய்தேன், எப்போது தெரியும், எப்போது சொன்னேன் எல்லாவற்றையும் சொன்னேன்.

முடித்த பிறகு, "அப்ப அந்தப் பச்சை வெளக்கு?" என்றார்.

"அது பெட்டிக்குக் கரண்டு இருக்குங்கிறதுக்கு, அம்மா."

"அவரு கண்ண மூடுனப்பகூட எரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதப் பாத்துட்டு, அவரு தூங்குறாருன்னு நெனச்சிட்டேன். எழுப்பாம மீன் கழுவிக்கிட்டு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். "ஒன் பேரு, போன் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. எம் மவன் சிங்கப்பூர்லேருந்து வருவான். அவன் கேப்பான்" என்றார். எழுதிக் கொடுத்தேன். வாசல் வரை வந்தார். மழைத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "கொடை கொண்டாந்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டார். குடையோடு வருவார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை.

அவர் மகன் என்ன கேட்பார், வழக்குப் போடுவாரா, நான் எங்கே வந்து நிற்க வேண்டியிருக்கும், ஒன்றும் தெரியவில்லை. வேலைக்கு எழுதிப் போட்ட இடங்களில் இரண்டு பேர், ஏன் அங்கிருந்து வெளியேறினாய் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். பிறகு கூப்பிடவில்லை.

இரவில் தூக்கம் வருவதில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

ஜூடித்


சிலிபின்
22 அக்டோபர் 2025

அன்புள்ள ஜூடித்,

உடம்பு பரவாயில்லை. மருந்து கொஞ்சம் தலையைச் சுற்ற வைக்கிறது. காலையில் புனிதா வேலைக்குப் போகும்போது அவள் பின்னாலேயே பஸ் நிற்குமிடம் வரை நடக்கிறேன். திரும்பி வரும்போது மீன்காரக் கிழவியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. ஓட்டை மலாயில் சமாளிக்கிறோம்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஸ்கூல் வேன்களை நேரம் பார்த்து அனுப்பிவைக்க ஆள் வேண்டும் என்றார்கள். எந்த வண்டி எந்த ரோட்டில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்கிற வேலை. உட்கார்ந்த இடத்தில்தான். மாதக் கடைசியில் போய்ப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை. போவேன்.

அந்தக் குடை விஷயத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர் கொண்டுவராதது சரிதான். நீ நின்றதும் சரிதான். அந்த மகன் கூப்பிட்டால் தனியாகப் போகாதே. எனக்குச் சொல். நானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசமாட்டேன். உன் அண்ணன் என்று மட்டும் சொல்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆயர் தாவாரில் அப்பா அம்மா கல்லறையில் புல் மண்டியிருக்கும், நான் போன வருடம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் போகவில்லை. சனிக்கிழமையே வந்துவிடு. புனிதா உனக்கு அறையைக் கூட்டி வைத்திருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளாகவே.

ஞாயிறு காலை நீதான் காடி ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். போகிற வழியெல்லாம் பிரேக்கைப் பிடி, கண்ணாடியைப் பார், அவனை முந்தவிடாதே என்று கத்துவேன். வாயை மூடச் சொல். மூடமாட்டேன். நீ பாட்டுக்கு ஓட்டு.

உன் அண்ணன்,
திமோத்தி